ஒன்று பழுதானாலும் ஓடும் வண்டி



நம் புதுச்சத்திரம் வழியாகச் சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இரவு பகலாக ஓடும் லாரிகளை நாம் அறிவோம். பின்புறம் பக்கத்துக்கு இரட்டைச் சக்கரம். போதாதென்று ஒரு ஸ்டெப்னி. ஒரு டயர் வெடித்தாலும் பாரம் ஊர் போய்ச் சேர வேண்டுமல்லவா?

கணிப்பொறிக்கும் இத்தகைய ஏற்பாடு உண்டு. பள்ளியின் மதிப்பெண் பதிவேடும், கோழிப்பண்ணையின் முட்டைக் கணக்கும் இன்று ஹார்டு டிஸ்க் என்னும் தட்டில் இருக்கின்றன. அத்தட்டு என்றேனும் ஒருநாள் பழுதாகும். விலையுயர்ந்த ஒரு பெரிய தட்டுக்குப் பதிலாக, மலிவான பல தட்டுகளைக் கூட்டாக இயக்கலாம் என்று 1988-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவரும் ஒரு கட்டுரையில் விளக்கினர். இம்முறைக்கு ‘ரெய்டு’ என்று பெயர்.

இதன் வகைகளைக் காண்போம். நம்மிடம் 4 டெராபைட் தட்டுகள் நான்கு இருப்பதாகக் கொள்வோம்.

ரெய்டு 0: தகவலைத் துண்டுகளாக்கி நான்கிலும் பங்கிடும். 16 டெராபைட் முழுவதும் கிடைக்கும், வேகமும் மிகுதி. ஆனால் ஒரு தட்டு போனால் எல்லாம் போயிற்று!

ரெய்டு 10: இரண்டிரண்டாக இணை சேர்த்து, ஒன்றில் எழுதுவதையே அதன் இணையிலும் எழுதும். வேகமும் உண்டு, காப்பும் உண்டு. இடம் மட்டும் பாதியாகி 8 டெராபைட் ஆகும். ஓர் இணையின் இரு தட்டுகளும் ஒருசேரப் போனால்தான் ஆபத்து.

ரெய்டு 5: இது கணக்கு விளையாட்டு. 7, 4, 9 என்ற எண்களோடு அவற்றின் கூட்டுத்தொகை 20-ஐயும் குறித்து வையுங்கள். 4 அழிந்தாலும் 20-இலிருந்து 7-ஐயும் 9-ஐயும் கழித்து அதை மீட்டுவிடலாம். இம்முறையில் 12 டெராபைட் கிடைக்கும்; ஒரு தட்டு பழுதானால் தாங்கும். ஆனால் எழுதும்போதெல்லாம் ‘கூட்டுத்தொகை’யையும் திருத்த வேண்டியிருப்பதால் வேகம் குறையும். பெரிய தட்டுகளில் மீட்புப் பணி நெடுநேரம் நடக்கும். அதற்குள் இன்னொன்றும் போனால் மீட்சியில்லை.

ரெய்டு 6: இருவகைக் காப்புக் கணக்கு வைத்திருப்பதால் எந்த இரு தட்டுகள் போனாலும் தாங்கும். இடம் 8 டெராபைட். எழுதும் வேகம் இன்னும் குறைவு.

எதைத் தேர்ந்தெடுப்பது? ஓயாமல் எழுதப்படும் கணக்குகளுக்கு ரெய்டு 10 ஏற்றது. எழுதி வைத்து அவ்வப்போது படிக்கும் பெருந்தொகுப்புகளுக்கு ரெய்டு 6 நன்று. இழந்தாலும் கவலையில்லாத தற்காலிக வேலைக்கு மட்டுமே ரெய்டு 0.

ஆயினும் ஒன்றை மறவாதீர்கள். 1981-ஆம் ஆண்டு மே மாத இறுதியில் மூண்ட வன்முறையின்போது யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறெங்கும் படியில்லாத ஓலைச்சுவடிகளும் அவற்றோடு அழிந்தன. ஒரே கட்டடத்தில் எத்தனை அலமாரிகள் இருந்தால்தான் என்ன? தட்டுகளும் அப்படியே. தீயும், திருட்டும், கை தவறி அழிப்பதும் எல்லாத் தட்டுகளையும் ஒருங்கே தாக்கும். ஆகவே ரெய்டு எதுவாயினும், வேறோர் ஊரில் தனிப்படி ஒன்று அவசியம் வேண்டும்.

ஸ்டெப்னி இருக்கிறதென்று வீட்டில் பத்திரத்தின் நகல் வைக்காமல் புறப்படும் லாரிக்காரர் உண்டா? வருமுன் காப்பதே அறிவுடைமை, தோழியரே!