அம்மன் கொடுத்த சூலம்!

தம்பியை மீட்கப் புறப்பட்ட சிறுமியின் கதை

ஏற்காடு மலைக்கு மே மாதம் வந்தால் ஒரே கொண்டாட்டம்தான். சேர்வராயன் கோவில் திருவிழா அப்போதுதான் நடக்கிறது. மலை உச்சியில், 5,326 அடி உயரத்தில், ஒரு குகைக்குள் இருக்கிறார் சேர்வராயன். பக்கத்திலேயே காவேரி அம்மன். மலைவாழ் மக்களின் குலதெய்வம் அவர்.

ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள்.

ஏற்காடு ஒண்டிக்கடையில் ஒரு வீடு. திருவிழாவுக்குப் போன பாட்டி, நெற்றியில் திருநீற்றுடன் திரும்பி வருகிறாள். பேரன் கணிப்பொறி முன் உட்கார்ந்திருக்கிறான். திரையில் ஒரு சிறுமி. அவள் கையில் சூலம். சூலத்தில் இருந்து மின்னல் பாய்கிறது. அரக்கர்கள் சாய்கிறார்கள்.

பாட்டி திடுக்கிடுகிறாள்.

"ஏன் கண்ணு, அம்மன் சூலத்தை எடுத்தா விளையாடறே? சாமி குத்தம் ஆயிடாதா?"

"நான் எடுக்கலை பாட்டி. அம்மனே குடுத்தாங்க!"

பாட்டியின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. பேரனின் பதிலிலும் நியாயம் இருக்கிறது. அது எப்படி?

யார் இந்தச் சிறுமி?

அந்தச் சிறுமியின் பெயர் ராஜி. விளையாட்டின் பெயரும் அதுதான். "ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக்" என்பது முழுப் பெயர். "ராஜி: ஒரு பழங்காலக் காவியம்" என்று பொருள். இதைச் செய்தவர்கள் வெளிநாட்டார் என்று எண்ணிவிட வேண்டாம். புனே நகரில் உள்ள "நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ்" என்ற சிறிய கம்பெனி செய்தது. 2020-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இந்த விளையாட்டு வெளிவந்தது.

ராஜிக்குத் தாய் தந்தை இல்லை. சர்க்கஸ் வித்தை காட்டிப் பிழைப்பவள். அவளுக்கு எல்லாமே தம்பி கோலுதான். ஒருநாள் அரக்கர் படை ஊருக்குள் புகுகிறது. குழந்தைகளைத் தூக்கிச் செல்கிறது. கோலுவும் பறிபோகிறான். அரக்கர்களின் தலைவன் மகாபலாசுரன்.

சிறுமி என்ன செய்வாள்? அழுதுகொண்டு உட்கார்ந்துவிடவில்லை. தம்பியைத் தேடிப் புறப்படுகிறாள்.

அக்காளைக் காக்கத் தம்பி வாள் எடுத்த கதை ஏராளம். தம்பியைக் காக்க அக்காள் சூலம் எடுத்த கதை இது!

மின்னல், பனி, நெருப்பு

ராஜிக்குத் துர்க்கை அம்மனின் அருள் கிடைக்கிறது. சூலம் அவள் கைக்கு வருகிறது. பிறகு திருமாலின் வில்லான சார்ங்கமும் கிடைக்கிறது. இந்த ஆயுதங்களுக்கு மின்னல், பனி, நெருப்பு ஆகியவற்றின் சக்தி உண்டு. எந்தச் சக்தியை எவ்வளவு வளர்ப்பது என்பதை விளையாடுகிறவரே முடிவு செய்யலாம்.

இயற்கையின் சக்தியைத் தெய்வத்தோடு சேர்த்துப் பார்ப்பது நமக்குப் புதிது அல்ல. காஞ்சீபுரத்தில் நிலம், திருவானைக்காவில் நீர், திருவண்ணாமலையில் நெருப்பு, காளத்தியில் காற்று, சிதம்பரத்தில் ஆகாயம் என்று ஐம்பூதங்களுக்கும் தலங்கள் வைத்து வணங்குகிறவர்கள் நாம். அந்த எண்ணத்தின் சாயலைத்தான் திரையில் பார்க்கிறோம்.

கண்ணுக்கும் நல்ல விருந்து. இராஜஸ்தானத்துக் கோட்டைகள் போன்ற மாளிகைகள். சுவர்களில் புராண ஓவியங்கள். ஓர் ஓவியத்தின் அருகே போய் நின்றால், அதன் கதை காதில் விழும். கதையின் முக்கியமான கட்டங்கள் தோல்பாவைக் கூத்துப் போல நிழலுருவங்களாக வருகின்றன. நடப்பதை எல்லாம் துர்க்கையும் திருமாலும் மேலிருந்து பார்த்துப் பேசிக்கொள்கிறார்கள். அந்தப் பேச்சிலேயே கதை நகர்கிறது.

தெய்வத்தைப் பொத்தானால் ஆட்டலாமா?

பாட்டியின் கேள்விக்கு வருவோம். அவள் மட்டும் கேட்ட கேள்வி அல்ல அது.

2009-ம் ஆண்டு "ஹனுமான்: பாய் வாரியர்" என்ற விளையாட்டு வந்தது. ஐதராபாத்தில் உள்ள ஒரு கம்பெனி, சோனியின் பிளேஸ்டேஷன்-2 கருவிக்காகச் செய்தது. அதில் விளையாடுகிறவர் அனுமாரையே இயக்க வேண்டும். பொத்தானை அழுத்தினால் அனுமார் குதிப்பார். ஆட்டம் சரியில்லை என்றால் அனுமாரே தோற்பார்!

இதற்கு எதிர்ப்புக் கிளம்பியது. "கோடிக்கணக்கானோர் வணங்கும் தெய்வத்தைப் பொத்தானால் ஆட்டுவதா? விளையாட்டைத் திரும்பப் பெறுங்கள்" என்று அமெரிக்காவில் உள்ள இந்துக்களில் சிலர் கண்டனம் தெரிவித்தார்கள்.

"ராஜி" இந்தச் சிக்கலில் மாட்டிக்கொள்ளவில்லை. இதில் விளையாடுகிறவர் தெய்வம் ஆவதில்லை. ஒரு சாதாரணச் சிறுமி ஆகிறார். அடி விழுந்தால் வலிப்பது அவளுக்கு. தவறி விழுந்தால் விழுபவளும் அவளே. தெய்வம் அருளைக் கொடுக்கிறது, ஆயுதத்தைக் கொடுக்கிறது. நடக்க வேண்டியதும் போராட வேண்டியதும் மனிதப் பிறவியான அவள்தான்.

"அம்மனே குடுத்தாங்க" என்று பேரன் சொன்னதன் பொருள் இதுதான்.

பக்தியும் விளையாட்டும் சேரவே கூடாது என்றும் சொல்லிவிட முடியாது. வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிக்கப் பரமபதம் ஆடுவது நம் வீட்டு வழக்கம் அல்லவா? தாயம் உருட்டி, ஏணியில் ஏறி, பாம்பில் இறங்கி, கடைசியில் வைகுண்டம் சேர வேண்டும். அங்கேயும் ஏறி இறங்குவது மனிதன்தான். பெருமாள் மேலே வீற்றிருக்கிறார்!

வீட்டை விற்றுச் செய்த விளையாட்டு

இதைச் செய்தவர்கள் பட்ட பாடு கொஞ்சம் அல்ல. 2017-ல் இணையம் மூலம் பொதுமக்களிடம் பணம் திரட்டிப் பார்த்தார்கள். தேவையான தொகை சேரவில்லை. வேலையை விட்டுவிடுவதா, தொடர்வதா?

தொடர்ந்தார்கள். கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான சுருதி கோஷ், தம் சொந்த வீட்டையே விற்றுப் பணம் போட்டார். பிறகு அமெரிக்கக் கம்பெனியான எபிக் கேம்ஸ் நிதி உதவி செய்தது. 2020-ல் உலக அளவில் வழங்கப்படும் "தி கேம் அவார்ட்ஸ்" பரிசுக்கு, சிறந்த முதல் படைப்புகளின் பட்டியலில் "ராஜி" இடம் பெற்றது. பரிசு வேறு விளையாட்டுக்குப் போனது. ஆனாலும் நம் நாட்டுக் கதை அந்தப் பட்டியலில் ஏறியதே பெரிய காரியம்.

குறை இல்லையா?

உண்டு. சண்டைக் காட்சிகளில் சில இடங்களில் ராஜி நாம் நினைத்த வேகத்தில் திரும்புவதில்லை. காட்சியை நம் விருப்பப்படி திருப்பிப் பார்க்க முடியாததால், தாண்டும்போது தூரம் தெரியாமல் பள்ளத்தில் விழ நேரிடும். நாலைந்து மணி நேரத்தில் ஆட்டம் முடிந்துவிடுகிறது. அந்த முடிவும் சட்டென்று வந்து நிற்கிறது. "அப்புறம்?" என்று கேட்கத் தோன்றும். முதலில் பேச்சு முழுவதும் ஆங்கிலம். 2022-ல் வந்த புதிய பதிப்பில் இந்திக் குரலும் சேர்ந்தது.

அரக்கர்களோடு அடிதடி நிறைய உண்டு. ஆகவே சின்னக் குழந்தைகளிடம் கொடுத்துவிட்டுப் பெற்றோர் எழுந்து போய்விடக்கூடாது. பக்கத்தில் இருந்து பார்ப்பது நல்லது. நேரத்துக்கும் ஒரு கணக்கு வேண்டும்.

பக்கத்தில் இருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. திரையில் துர்க்கையின் ஓவியம் வரும். "யார் பாட்டி அந்த எருமைத் தலை அரக்கன்?" என்று பிள்ளை கேட்கும். மகிஷாசுரன் கதையைப் பாட்டியைவிட நன்றாக யார் சொல்ல முடியும்?

ஒண்டிக்கடை வீட்டில் பாட்டி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பேரன் அருகில் உட்காருகிறாள்.

"சரி கண்ணு, தம்பி கிடைச்சானா?"

"இன்னும் இல்லை பாட்டி."

"அப்போ நிறுத்தாதே. போ!"