நீலச் சாரோன் ரோஜா

கொரியர் தேசிய மலராகப் போற்றும் சாரோன் ரோஜா பெயரளவிலேயே ரோஜா. இனத்தால் அது நமது செவ்வரத்தைக்கு உறவு. பிறந்தகம் சீனம். குளிர்நாடுகளில் மாரியில் இலையுதிர்த்து நின்று, கோடையில் பூத்துக் குலுங்கும். பிரான்சில் உருவான ‘நீலப் பறவை’ என்னும் வகையை வீட்டுத் தோட்டத்தில் வளர்ப்போர் இரண்டு தவறுகளைச் செய்வதுண்டு.

ஒன்று, விதையிட்டு வளர்த்தல். சில ஆண்டுகள் காத்திருந்த பின்னரும் தாய்ச்செடியின் நீலம் கிட்டாது போகலாம். கோடையில் இளந்தண்டு வெட்டி வேரூன்றச் செய்தால், அந்நிறம் மாறாது.

மற்றது, காலந்தவறிக் கிளை நறுக்குதல். இச்செடி அவ்வாண்டுத் தளிரிலேயே அரும்புவது. ஆதலின், குளிர்காலத்தின் இறுதியில், துளிர்க்குமுன்னரே நறுக்குதல் வேண்டும். தளிர்த்தபின் நறுக்குவோர் வரவிருக்கும் மலர்களையே இழப்பர்.

நல்ல வெயிலும் நீர் தேங்காத நிலமும் அமைந்தால், ஒருநாளே வாழும் பூக்கள் நாள்தோறும் புதிதாய் மலரும்.