காது கேளாத குழந்தைக்கு ஒலி தரும் கருவி

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் தமிழும் மலையாளமும் சேர்ந்தே காதில் விழும். பிறவியிலேயே காது கேளாத குழந்தைக்கோ இரண்டும் எட்டாது. அத்தகைய குழந்தைகள் பலருக்குக் கேட்கும் வாய்ப்பைத் தருவது 'காக்ளியர் இம்பிளாண்ட்' என்னும் கருவி.

காதின் உட்பகுதியில் நத்தைக் கூடுபோல் சுருண்ட உறுப்பு ஒன்று உண்டு. நீளம் சுமார் 35 மில்லிமீட்டர். அதிலுள்ள ஏறத்தாழ 15,000 மயிர் செல்களின் உதவியால் ஒலி மின்துடிப்பாகி நரம்புக்குச் செல்கிறது. அவை பெரும்பாலும் பழுதானால், சாதாரண காது மெஷின் சத்தத்தைக் கூட்டியும் பலன் இராது. நரம்பையே மின்சாரத்தால் தூண்டவேண்டும்.

மூன்று தடைகள்

சுருண்ட குழாய்க்குள் திசு கிழியாமல் கம்பியைச் செலுத்துவது எப்படி? ஆஸ்திரேலிய டாக்டர் கிரேம் கிளார்க், 1977-ல் கடற்கரையில் கிடந்த சிப்பிச் சுருளுக்குள் புல்லை நுழைத்து விடை கண்டார். நுனி மென்மையாகவும் அடி விறைப்பாகவும் இருந்தால் வளைந்து உள்ளே போகும். 1978-ல் மெல்போர்னில் தம் முதல் நோயாளிக்குக் கருவியைப் பொருத்தினார்.

அடுத்த தடை, உட்காதில் உள்ள உப்புத் திரவம். அது மின்சாரத்தைப் பரப்பிவிடுவதால், பக்கத்துப் பக்கத்து மின்முனைகள் ஒரே நேரத்தில் இயங்கினால் ஒலி குழம்பும். ஒன்றன்பின் ஒன்றாக, அதிவேகமாகத் துடிப்புகளை அனுப்பும் முறையை அமெரிக்காவின் பிளேக் வில்சன் குழு 1991-ல் வெளியிட்டது. பேச்சு தெளிவடைந்தது.

மூன்றாவது தடை தோல். அதைத் துளைத்து வயர் விட்டால் சீழ் பிடிக்கும். ஆகவே மைக்கும் பாட்டரியும் வெளியே, மின்முனைகள் உள்ளே. மின்சாரமும் செய்தியும் ரேடியோ அலையாகத் தோலைக் கடக்கின்றன. வெளிச்சுருளைக் காந்தம் பிடித்துக்கொள்கிறது.

காலம் பொன்

இவ்வளவு செய்தும், 15,000 செல்களின் வேலையைப் பார்ப்பவை 12 முதல் 22 மின்முனைகளே. 'மலை', 'மழை' போன்ற நுட்ப வேறுபாடுகளைக் குழந்தையின் மூளை பழகித்தான் அறியவேண்டும். இளம் வயதில் பழக்கம் எளிது. ஆண்டுகள் கடந்தால் கடினம். ஆபரேஷனுக்குப் பின் பேச்சுப் பயிற்சி இல்லையேல் கருவி வீண்.

ஏழைக் குழந்தைகளுக்காகக் கேரள அரசு 2012-ல் 'சுருதிதரங்கம்' திட்டத்தைத் தொடங்கியது. 5 வயது வரையிலான குழந்தைகளுக்கானது அது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் இச்சிகிச்சை உண்டு. எல்லையோரக் குடும்பங்கள், தங்கள் குடும்ப அட்டை உள்ள மாநிலத்தில் விசாரிப்பது நல்லது. வியர்வையாலும் மழையாலும் வெளிக்கருவி கெடும். அதற்கான பழுதுச் செலவையும் முன்பே கேட்டறிய வேண்டும்.

கதவை அறைந்து சாத்தினாலும் குழந்தை திடுக்கிடவில்லையா? ஒரு வயதாகியும் கூப்பிட்டால் திரும்பவில்லையா? 'தானாகப் பேசும்' என்று காத்திருக்கலாகாது. அரசு மருத்துவமனையிலோ, திருவனந்தபுரம் ஆக்குளத்திலுள்ள தேசியப் பேச்சு, கேள்விக் கழகமான 'நிஷ்' நிறுவனத்திலோ உடனே காதுச் சோதனை செய்வது அவசியம்.