வேகம் 5 விழுக்காடு, வெப்பம் 27 விழுக்காடு!

மாணவர்களே, புதிதாக வந்த கணினி விளையாட்டு உங்கள் மேசைக் கணினியில் திணறுகிறதா? "ஓவர்கிளாக் செய், காசு செலவில்லாமல் வேகம் கூடும்" என்று நண்பன் சொல்லியிருப்பான். அவன் சொல்வதில் உண்மை உண்டு. 1998இல் இன்டெல் வெளியிட்ட செலரான் 300ஏ, 300 மெகாஹெர்ட்ஸில் ஓடுவதற்காக விற்கப்பட்ட சில்லு. அதைப் பலர் 450 மெகாஹெர்ட்ஸில் ஓட்டினார்கள். ஆனால், எவ்வளவு மின்னழுத்தம், எவ்வளவு வெப்பம் வரை போகலாம்? அதற்கு இயற்பியல் பாடம் கைகொடுக்கும்.

பெருக்கியும் மின்னழுத்தமும்

கணினியின் மூளையான மையச் செயலி, கடிகாரத் துடிப்புக்கு ஏற்ப வேலை செய்கிறது. அடிப்படைத் துடிப்பு 100 மெகாஹெர்ட்ஸ், பெருக்கி 50 என்றால் வேகம் 5.0 கிகாஹெர்ட்ஸ். பெருக்கியை 51 ஆக்கினால் 5.1 கிகாஹெர்ட்ஸ். இந்த மாற்றத்தைப் பயாஸ் அமைப்பில் செய்யலாம். எல்லாச் சில்லுகளும் இதற்கு இடம் தருவதில்லை.

துடிப்பு வேகமானால், ஒவ்வொரு டிரான்சிஸ்டரும் 0இலிருந்து 1க்கு மாறக் கிடைக்கும் நேரம் குறைகிறது. மின்னழுத்தத்தைக் கூட்டினால் அது விரைவாக மாறும். மின்னழுத்தம் போதாவிட்டால் கணக்கு தப்பாகும். நீலத்திரை தோன்றிக் கணினி நின்றுவிடும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

சில்லு செலவிடும் திறன், துடிப்பு வேகத்திற்கும் மின்னழுத்தத்தின் வர்க்கத்திற்கும் நேர்விகிதத்தில் இருக்கும். வேகத்தை 5.0இலிருந்து 5.25 கிகாஹெர்ட்ஸாக உயர்த்துகிறோம். அதற்காக மின்னழுத்தத்தை 1.20இலிருந்து 1.32 வோல்ட் ஆக்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம்.

வேகம் 1.05 மடங்கு. மின்னழுத்தம் 1.1 மடங்கு, அதன் வர்க்கம் 1.21. இரண்டையும் பெருக்கினால் 1.27. அதாவது, 5 விழுக்காடு வேகத்திற்கு 27 விழுக்காடு கூடுதல் வெப்பம்! சூடேறும்போது சில்லில் கசியும் மின்னோட்டமும் கூடுவதால், உண்மையில் இதைவிடச் சற்று அதிகமாகவே இருக்கும்.

அறை வெப்பநிலை 30 பாகை செல்சியஸ். முழு வேலையில் சில்லு 75 பாகை. அறையைவிட 45 பாகை அதிகம். அந்த 45ஐ 1.27ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 57. ஆகவே, சில்லு 87 பாகையைத் தொடும். குளிர்நாட்டில் 20 பாகை அறையில் ஒருவர் எடுத்த அளவு, மின்விசிறி மட்டும் சுழலும் நம் வீட்டு அறைக்குப் பொருந்தாது என்பது இதிலிருந்து புரிகிறதல்லவா?

எல்லை எது?

வெப்பத்திற்கு உச்ச வரம்பைத் தயாரிப்பாளரே குறிப்பிடுகிறார். இன்டெல் கோர் ஐ5-13600கே சில்லுக்கு அது 100 பாகை; ஏஎம்டி ரைசன் 5 7600எக்ஸ் சில்லுக்கு 95 பாகை. வரம்பைத் தொட்டதும் சில்லு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பிறகு ஓவர்கிளாக் செய்து என்ன பயன்? முழு வேலையிலும் 85 பாகைக்குள் வைத்திருப்பது நல்லது.

ஆனால், வெப்பத்தை மட்டும் பார்த்தால் போதாது. 2024இல் இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை மேசைக் கணினிச் சில்லுகள் பல நிலைகுலைந்தன. தேவைக்கு மீறிய மின்னழுத்தத்தைச் சில்லு கேட்டதே முக்கியக் காரணம் என்று அந்நிறுவனம் அறிவித்தது. 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்காதபடி தடுக்கும் திருத்தத்தை வெளியிட்டது; உத்தரவாதக் காலத்தையும் 2 ஆண்டு நீட்டித்தது. ஏற்கெனவே பழுதடைந்த சில்லுகளை அந்தத் திருத்தத்தால் குணப்படுத்த முடியவில்லை.

1.55 வோல்ட் என்பது நாம் எட்ட வேண்டிய இலக்கு அன்று. நொடிப்பொழுதுக்கு மட்டும் தாங்கக்கூடிய மின்னழுத்தமும், மணிக்கணக்கில் தாங்கக்கூடிய மின்னழுத்தமும் ஒன்றல்ல. அதிக மின்னோட்டம் பாயும்போது, எலக்ட்ரான்கள் நுண்கம்பிகளின் உலோக அணுக்களை மெல்ல மெல்ல நகர்த்திவிடும். வெப்பம் இதை விரைவுபடுத்தும். தேய்மானம் கண்ணுக்குத் தெரியாது. மாதங்கள் கழித்தே வெளிப்படும்.

படிப்படியாகச் செய்யும் முறை

1. முக்கியக் கோப்புகளைப் படியெடுத்து வையுங்கள்.
2. எதையும் மாற்றாமல் சோதனை மென்பொருளை 30 நிமிடம் ஓட்டி வேகம், மின்னழுத்தம், வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள்.
3. மின்னழுத்தத்தைத் தானியங்கி நிலையில் விடாதீர்கள். அது தேவைக்கு மேல் ஏற்றிவிடக்கூடும்.
4. பெருக்கியை ஒவ்வொன்றாகக் கூட்டி, ஒவ்வொரு முறையும் சோதியுங்கள்.
5. கணினி நின்றுவிட்டால் மட்டும் 0.01 அல்லது 0.02 வோல்ட் கூட்டுங்கள்.
6. 85 பாகையைத் தாண்டினாலோ, சிறிது வேகத்திற்கு நிறைய மின்னழுத்தம் தேவைப்பட்டாலோ நிறுத்துங்கள். ஒரு படி பின்வாங்கி, சில மணி நேரம் சோதித்து முடியுங்கள்.

ஒரே நேரத்தில் ஒரே மாறியைத்தான் மாற்றுகிறோம் என்பதைக் கவனித்தீர்களா? ஆய்வுக்கூடத்தில் நீங்கள் பின்பற்றும் அதே விதிதான். ஒரே பெயரில் விற்கப்படும் இரு சில்லுகள்கூட ஒரே மாதிரி இருப்பதில்லை. ஆகவே, நண்பனின் அளவை அப்படியே நகலெடுக்காதீர்கள். வீட்டுக்குப் பொதுவான கணினி என்றால் பெற்றோரின் அனுமதி கட்டாயம். ஓவர்கிளாக் செய்தால் உத்தரவாதம் செல்லாமல் போகலாம் என்பதையும் அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

இந்த வாரக் கேள்வி: வேகத்தை மாற்றாமல், மின்னழுத்தத்தை மட்டும் 1.25இலிருந்து 1.15 வோல்ட்டாகக் குறைத்தால் வெப்பம் எத்தனை விழுக்காடு குறையும்? விடை ஏறக்குறைய 15 என்று வந்தால், உங்கள் கணக்கு சரி. கணினியைக் குளிர்விக்கச் செலவில்லாத வழியும் அதுதான்!