மலைநாட்டு முற்றத்தில் ஒரு படகுக் கொட்டில்

மலைநாட்டில் படகா என்று சிரிக்காதீர்கள், சகோதரிகளே! நூஹ் (அலை) அவர்கள் கப்பல் கட்டியபோது கடந்து போனவர்களெல்லாம் பரிகசித்ததை நம் பிள்ளைகளுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறோம் அல்லவா?

பதுளை மாவட்டத்தில் கடல் இல்லை, குளங்கள் இருக்கின்றன. மகியங்கனையின் சொரபொர வாவியிலும், உல்ஹிட்டிய, ரத்கிந்த நீர்த்தேக்கங்களிலும் சிறு தோணிகளில் சென்று திலாப்பியா பிடித்துப் பிழைக்கும் குடும்பங்கள் உண்டு. பைபர் வேலை தெரிந்த ஒரு மகனோ கணவரோ, "வீட்டிலேயே ஒரு தோணி கட்டிப் பார்க்கிறேன்" என்று சொன்னால் அது வீண் ஆசையல்ல. அவர் தோணியைப் பற்றி யோசிக்கட்டும். கொட்டிலைப் பற்றி நீங்கள் யோசியுங்கள். ஏனெனில் அந்தக் கொட்டில் நிற்கப்போவது உங்கள் குசினிக்குப் பக்கத்தில்!

கொட்டில் ஏன் வேண்டும்? பைபர் விரிப்பில் ஈரம் பட்டால் பிசின் சரியாக ஒட்டாது. கடும் வெயில் நேரே பட்டால் பூசி முடிக்கும் முன்னரே இறுகிவிடும். பலகைத் தோணியென்றாலும் நனைந்து காய்ந்து பலகை நெளியும். ஆகவே கூரைதான் முதல் செலவு.

இடமே முதல் கேள்வி

நம் பகுதியில் தட்டையான நிலம் அருமை. அதனால் பலர் வீட்டுக்குப் பின்னாலுள்ள மண்மேட்டை வெட்டி இடம் எடுக்கிறார்கள். தயவுசெய்து இதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்ததை நாம் மறக்க முடியாது. 2025 நவம்பரில் டித்வா புயலின்போதும் மலைகள் சரிந்தன. வெட்டிய மேடு அடியில் பிடிமானத்தை இழக்கிறது. மழைநீர் உள்ளே இறங்கியதும் பாரம் தாங்காமல் சரிகிறது. இருக்கும் முற்றம் போதாதென்றால் தோணியைச் சிறிதாக்கலாம். மேட்டை வெட்டக் கூடாது. லயத்தில் இருப்பவர்கள் தோட்ட நிர்வாகத்திடம் முன்கூட்டியே அனுமதி கேட்பதும் அவசியம்.

பதினாறு அடித் தோணிக்கு இருபத்திரண்டு அடி நீளமும் பன்னிரண்டு அடி அகலமும் போதும். சுற்றிவர மூன்று, நான்கு அடி இருந்தால்தான் ஆள் நின்று வேலை செய்யலாம். கட்டிய தோணி வெளியே போக வழி இருக்கிறதா என்று படலையையும் ஒழுங்கையையும் இன்றே அளந்து பாருங்கள்!

கவிழ்த்த படகு போன்ற கூரை

வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் குடைமிளகாய் வளர்க்கும் பொலித்தீன் கூடாரங்களைப் பார்த்திருப்பீர்கள். நமக்குத் தேவையானதும் ஏறக்குறைய அதுவே. அமெரிக்காவில் வீட்டில் படகு கட்டுபவர்கள் மெல்லிய சட்டங்களை வளைத்து, உச்சியில் இணைத்து, பள்ளிவாசல் மிஹ்ராபின் கூரிய வளைவு போலக் கொட்டில் அமைப்பார்கள். நமக்கு அதை மூங்கிலில் செய்யலாம். முற்றிய மூங்கிலைச் சில வாரம் தண்ணீரில் ஊறவைத்தால் வண்டரிப்பு குறையும். மண்ணில் புதையும் அடிக்குத் தார் பூசுங்கள். நான்கு அடிக்கு ஒரு வளைவு வைத்து, நீளவாட்டில் கம்புகளால் இணைத்துக் கட்டுங்கள்.

மேலே வெயில் தாங்கும் கூடாரப் பொலித்தீன் போடுவது நல்லது; சாதாரணப் பொலித்தீன் சில மாதங்களில் நொறுங்கிவிடும். உள்ளே நிழல் வலை கட்டினால் சூடு குறையும். ஆனி, ஆடிக் காற்றில் கூரை படபடத்தால் கிழியும். ஆகவே கயிற்றால் மட்டும் கட்டாமல் சிலாகை வைத்து ஆணியடித்து, நாலு மூலையையும் முளையில் இழுத்துக் கட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பீலி வைத்து, தண்ணீரைக் கானுக்கே விடுங்கள். அயல்வீட்டுச் சுவரடியில் விழுந்தால் அவர்களுக்கும் ஆபத்து, நமக்கும் மனக்கசப்பு.

பிள்ளைகள் கவனம்!

பைபர் பிசினின் வாடை தலைவலி தரும். நெருப்பும் இலகுவில் பற்றும். ஆகவே இரண்டு முகப்பும் திறந்தே இருக்கட்டும். விறகடுப்பு, சிகரெட், குப்பி விளக்கு எதுவும் அருகில் வேண்டாம். பிசினை இறுக வைக்கும் திரவத்தையும் கோபால்ட் திரவத்தையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் வெடித்துத் தீப்பிடிக்கும். இரண்டையும் வெவ்வேறு இடத்தில் பூட்டி வையுங்கள். சோடாப் போத்தலில் ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள். கர்ப்பிணிகளும் சிறுவர்களும் பூச்சு நடக்கும்போது உள்ளே போகவே கூடாது. ஹப்புத்தளை போன்ற குளிர்ந்த இடங்களில் பிசின் இறுகத் தாமதமாகும். வெயில் ஏறிய பின் வேலையைத் தொடங்குவதே நல்லது.

கடைசியாக ஒரு கணக்கு. கொட்டிலுக்கு வாங்கும் ஒவ்வொரு ஆணியையும் தனிக் கொப்பியில் எழுதுங்கள். தோணி குளத்துக்குப் போன பின்னும் கொட்டில் உங்களோடுதான் இருக்கும். மழை நாளில் உடுப்புக் காயப் போடலாம், விறகு அடுக்கலாம், கீரையும் மிளகாய்க் கன்றும் வளர்க்கலாம். தோணி இலாபம் தருமா என்பது அல்லாஹ்வின் நாட்டம். மேட்டை வெட்டாமல், பிள்ளைகளை வாடையிலும் நெருப்பிலும் விடாமல் அதைக் கட்டி முடிப்பது நம் கையில் இருக்கிறது.