ஒரே தாள்கட்டு, ஊருக்கொரு கடைப்பெயர்

ஆடிப்பெருக்கு அன்று சிவகாசியில் அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்கள் வெளியாகின்றன. மளிகைக்கடைக்காரர் முருகன் படத்தைத் தேர்ந்தெடுப்பார். நகைக்கடைக்காரர் லட்சுமி படத்தை. அட்டையில் அவரவர் கடைப்பெயர் அச்சாகும். அதில் பொருத்தும் தினசரித் தாள்கட்டு மட்டும் இருவருக்கும் ஒன்றுதான். அமாவாசையும் ராகுகாலமும் கடைக்குக் கடை மாறுவதில்லையே!

இணையத்திலும் இந்த வேலை நடக்கிறது. ஒரே ஒருமுறை நிறுவிய மென்பொருள், வெவ்வேறு டொமைன் பெயர்கள் கொண்ட பல தளங்களை நடத்தும்.

எப்படி? பெயரைத் தட்டியதும் டிஎன்எஸ் அதற்குரிய எண் முகவரியைத் தருகிறது. பத்துத் தளங்கள் ஒரே எண்ணில் குடியிருந்தால், வந்தவர் யாரைத் தேடி வந்தார் என்று சர்வருக்குத் தெரிய வேண்டும். தொடக்ககால பிரவுசர்கள் எந்தப் பக்கம் வேண்டும் என்று மட்டுமே கேட்டன. யார் வீட்டுப் பக்கம் என்று சொல்லவில்லை. ஆகவே ஒவ்வொரு தளத்துக்கும் தனி எண் தேவைப்பட்டது. பழைய ஐபி முறையில் மொத்தம் இருப்பதே சுமார் 429 கோடி எண்கள்தான். 1997-இல் வெளியான எச்டிடிபி 1.1 விதிமுறை, ஒவ்வொரு கோரிக்கையிலும் ‘ஹோஸ்ட்’ வரியில் தளத்தின் பெயரைக் கட்டாயமாக்கியது.

பூட்டுப் போட்ட எச்டிடிபிஎஸ் இணைப்பில் இன்னொரு சிக்கல். பெயர் உறைக்குள் போய்விடுகிறது. உறையைப் பிரிக்கும் முன்பே சர்வர் யாருடைய சான்றிதழைக் காட்டும்? 2003-இல் வரையறுக்கப்பட்ட எஸ்என்ஐ, பெயரை உறையின் மேலேயே எழுத வைத்தது.

தளங்களை நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸ், ஒரே நிறுவலில் பல தளங்களை நடத்தும் ‘மல்டிசைட்’ வசதியை 2010-இல் தன் 3.0 பதிப்பில் சேர்த்தது. 2016-இல் வந்த 4.5 பதிப்பிலிருந்து, தனி டொமைன் வைக்கக் கூடுதல் பிளகின் தேவையில்லை. வந்த பெயரைப் பட்டியலில் தேடி, அந்தத் தளத்துக்குரிய அட்டவணைகளை வேர்ட்பிரஸ் திறக்கும். கட்டுரைகள் தளத்துக்குத் தளம் தனி. பயனர் பட்டியல் பொது.

விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களின் அரசுத் தளங்களைப் பார்த்தால் அண்ணன் தம்பி சாயல் தெரியும். இரண்டும் தேசிய தகவலியல் மையத்தின் எஸ்3வாஸ் என்ற தளம் உருவாக்கும் மேடையில் உருவானவை. செய்தியும் படங்களும் மாவட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. மேடையைப் பராமரிப்பது மையம்.

பொது மென்பொருளில் ஓர் ஓட்டையை அடைத்தால் எல்லாத் தளங்களுக்கும் சேர்த்தே அடைத்ததாகும். அடைக்காமல் விட்டால் ஆபத்தும் அப்படியே. தாள்கட்டில் அமாவாசை ஒருநாள் தள்ளி அச்சானால், மளிகைக்கடை காலண்டரும் நகைக்கடை காலண்டரும் சேர்ந்தே தப்பு சொல்லும்.

ஒரே வார்ப்பு ஏமாற்றுக்காரர்களுக்கும் கைகொடுக்கும். பட்டாசின் ஆன்லைன் விற்பனைக்கு 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. இருந்தும் தீபாவளி நெருங்கினால் சிவகாசி பெயரில் பட்டாசுத் தளங்கள் முளைக்கின்றன. விலைப்பட்டியல், கம்பி மத்தாப்புப் பெட்டிப் படம், தள்ளுபடி வரி எல்லாம் பலவற்றில் ஒரே வார்ப்பு. அதே வார்ப்பில் பெயரை மட்டும் மாற்றிப் போலித் தளம் போட அதிக நேரம் ஆகாது. பணத்தைக் கட்டி ஏமாந்தவர்கள் உடனே அழைக்க வேண்டிய சைபர் கிரைம் எண் 1930.