பாக்ரி: பசையில்லாத மாவின் கைவேலை

பாக்ரி என்பது கோதுமை அல்லாத தானியங்களின் மாவைக் கையால் தட்டிச் சுடும் ரொட்டி. இன்று ராத்திரி என்ன செய்வது என்ற கேள்விக்குப் புனே வீடுகளில் நான்கைந்து விடைகள்தான் மாறி மாறி வரும்: வரண்-பாத் எனப்படும் பருப்புஞ்சோறு, கிச்சடி, சப்பாத்தியும் ஏதாவது ஒரு காயும், இல்லையென்றால் பிட்லா எனும் கடலைமாவுக் குழம்பும் பாக்ரியும். முதல் இரண்டைக் குக்கர் பார்த்துக்கொள்ளும். சப்பாத்திக்குக் கட்டையும் பலகையும் இருந்தால் ஒருவாறு ஒப்பேற்றிவிடலாம். பாக்ரிக்குக் கை பழகியிருக்க வேண்டும். காய் வாங்க நேரமில்லாமல், வெங்காயமும் கடலைமாவும் மட்டும் மிஞ்சியிருக்கும் நாளில் அடுப்பேறுவது பெரும்பாலும் பிட்லா-பாக்ரிதான். மராட்டியச் சமையலில் மிகச் சிக்கனமான சாப்பாடு இது. கைத்திறனை அதிகம் கேட்பதும் இதுதான்.

எந்த மாவு என்பதை மண்ணும் மழையும் முடிவு செய்கின்றன. புனே மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், மலைத்தொடரை ஒட்டிய முல்ஷி, மாவள் வட்டங்களில் மழை கொட்டும். அங்கே நெல் விளைகிறது, பாக்ரியும் அரிசிமாவில். கிழக்கே போகப் போக மழை மறைவுப் பகுதி. ஷிரூர், தௌண்ட், பாராமதி, இந்தாப்பூர் பக்கம் பாக்ரி என்றால் வெள்ளைச் சோளம் அல்லது கம்பு. நடுவில் இருக்கும் நகரத்தில் இரண்டு பக்கத்து வழக்கமும் கலந்துவிட்டன. கம்பு உடம்புக்குச் சூடு, ஆகவே குளிர்காலத்துக்கு. சோளம் குளிர்ச்சி, ஆகவே கோடைக்கு என்பார்கள். சங்கராந்திக்கு முந்தைய நாளான போகியன்று எள் தூவிய கம்பு பாக்ரியும், கத்தரி, கேரட், பச்சைக் கொண்டைக்கடலை, அவரை எல்லாம் சேர்த்த கூட்டும் கட்டாயம். மற்றபடி ஆண்டு முழுவதும் கை போவது சோளத்துக்கே.

சோளத்திலும் எல்லாம் பாக்ரிக்கு ஆகாது. மாவு வெளுப்பாகவும் லேசான இனிப்போடும் வர வேண்டுமென்றால் ரபி பருவத்துச் சோளம் வேண்டும். மழை ஓய்கிற செப்டம்பர், அக்டோபரில் கரிசலில் விதைத்து, மண்ணுக்குள் தங்கிய ஈரத்திலேயே வளரவிட்டு, பிப்ரவரி, மார்ச்சில் அறுப்பார்கள். மணி முற்றும் நேரத்தில் மழை இருக்காது; அதனால் பூசணம் பிடிக்காது. மால்தண்டி 35-1 என்ற ரகம் 1930களில் சோலாப்பூர் மாவட்டத்து மோஹோளில் உள்ளூர்ச் சோளத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டது. அதன்பின் எத்தனையோ ரகங்கள் வந்துவிட்டன. பாக்ரிக்கு மால்தண்டி இருக்கிறதா என்று கேட்டு வாங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதே மாவட்டத்து மங்கள்வேடா சோளத்துக்கு 2016இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1964இல் வந்த சி.எஸ்.எச்.1 தொடங்கிப் பல கலப்பினங்கள் மழைக்காலச் சோளத்தின் விளைச்சலைக் கூட்டின. ஆனால் அறுவடை நேரத்து மழையில் நனைந்து கறுத்துப்போன மணியைச் சமையலறை ஏற்றுக்கொள்ளவில்லை. பெரும்பகுதி தீவனத்துக்குப் போனது. விளைச்சலைக் கணக்குப் பார்த்தவர்கள் சாப்பிடுகிறவரையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

குளிர்காலத்தில் சோளத்தின் பால் பிடித்த இளங்கதிரைத் தணலில் வாட்டி உதிர்த்துத் தின்பதற்கு ஹுர்டா என்று பெயர். அதற்காகவே நகரவாசிகள் வார இறுதியில் பண்ணைகளுக்குப் படையெடுக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் வீட்டில் பாக்ரி தட்டுகிறார்கள் என்பது வேறு விஷயம்.

பாக்ரி ஏன் இவ்வளவு கைப்பழக்கம் கேட்கிறது என்பதற்கு விடை மாவில் இருக்கிறது. கோதுமை மாவில் தண்ணீர் பட்டுப் பிசைந்ததும் அதன் புரதங்கள் பிணைந்து குளூட்டன் என்ற வலையாகின்றன. மாவு இழுத்தால் நீள்வதும் விட்டால் சுருங்குவதும் இதனால்தான். சோளப் புரதத்தின் பெரும்பகுதி காஃபிரின் என்பது. அது தண்ணீரோடு சேராது. நுண்ணிய உருண்டைகளாக அடைந்து கிடக்குமே தவிர வலை பின்னாது. ஆகவே சோளமாவு இழுத்தால் அறுந்துவிடும், கட்டையால் தேய்த்தால் ஓரம் வெடித்துவிடும். அதைச் சேர்த்துப் பிடிப்பது மாவுச்சத்துதான். அரைக்கும்போது உடைந்த மாவுச்சத்து மணிகள் தண்ணீரை உறிஞ்சி லேசாகப் பசை விடும். வெந்நீர் ஊற்றினால் 70 டிகிரி செல்சியஸை ஒட்டி அவை வீங்கிக் கூழாகி, பசை கூடும். கொழுக்கட்டைக்கு அரிசிமாவைக் கொதிநீரில் கிளறுவது எதற்காகவோ, அதற்காகத்தான் இதுவும். அரிசி பாக்ரிக்குப் பெரும்பாலும் மாவை இப்படி வெந்நீரில் கிளறிக்கொள்வார்கள். புதிதாக அரைத்த சோளமாவுக்குப் பச்சைத் தண்ணீரே போதும்.

புதிதாக அரைத்தது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மாவின் ஒட்டும் குணத்தை மராத்தியில் விரி என்பார்கள். அரைத்து நாளானால் விரி போய்விடும். கம்பு மாவில் இன்னொரு தொல்லையும் உண்டு. கம்பில் கொழுப்பு சுமார் 5 சதவீதம். அரைபட்ட உடனேயே லைப்பேஸ் என்ற நொதி அந்தக் கொழுப்பை உடைக்கத் தொடங்கும். சில நாட்களிலேயே மாவு காறி, கசந்துபோகும். புனேயின் பழைய பேட்டைகளில் கிர்ணி எனும் மாவு மில்கள் இன்னும் ஓடுவதற்கு இது ஒரு காரணம். தானியமாக வாங்கி வைத்து, ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் டப்பாவில் கொண்டுபோய் அரைத்து வருவது வழக்கம். பளபளக்கும் பையில் மாதக்கணக்கில் தேதி போட்ட சோளமாவை வாங்கி வந்து, பாக்ரி விண்டுபோகிறதே, நமக்கு வரவில்லையே என்று நொந்துகொள்கிறவர்கள் ஏராளம். குற்றம் அவர்கள் கையில் இல்லை.

மொத்த மாவையும் பிசைந்து ஊறவைக்கும் வேலை இதில் கிடையாது. ஒரு பாக்ரிக்கு ஒரு பிசைதல். பரத் எனும் அகன்ற தட்டில், அல்லது கிராமங்களில் காட்வட் எனும் மரத்தொட்டியில், ஒரு பாக்ரிக்கான மாவைக் குவித்துத் தண்ணீர் சேர்த்து, உள்ளங்கையின் அடிப்பகுதியால் அழுத்தி முன்னே தள்ளித் தள்ளித் தேய்ப்பார்கள். அழுத்தினால் ஓரம் விரிசல் விடாத பதம் வந்ததும் உருட்டி, தட்டில் தூவிய காய்ந்த மாவின் மேல் வைத்து விரல்களால் தட்டத் தொடங்குவார்கள். ஒவ்வொரு தட்டலிலும் கை மாவைச் சற்றே பக்கவாட்டில் தள்ளும். பாக்ரி தானாகச் சுழலும். இன்னொரு கை ஓரத்தை அணைத்துக்கொடுக்கும். சுழலாமல் நின்றால் அடியில் ஒட்டிக்கொண்டது என்று பொருள். வழித்தெடுத்து மறுபடி பிசைய வேண்டியதுதான்.

தட்டியதை இரண்டு கைகளாலும் ஏந்தி, காய்ந்த மாவு ஒட்டிய பக்கம் மேலே வரும்படி தவாவில் போடுவார்கள். உடனே கையைத் தண்ணீரில் நனைத்து மேல்பக்கம் முழுவதும் தடவுவார்கள். அந்த ஈரம் காயத் தொடங்கும் நொடியில் திருப்ப வேண்டும். முந்தினால் தவாவில் ஒட்டும், பிந்தினால் வெடிக்கும். இரண்டாம் பக்கம் நன்றாக வெந்தபின் மறுபடி திருப்பி நேரே தீயில் காட்டினால் பாக்ரி உப்பும். விறகடுப்பு என்றால் தணலுக்கு எதிரே சாய்த்து நிறுத்துவது வழக்கம்.

இந்த உப்புதல்தான் விந்தை. குளூட்டன் இல்லாத மாவு ஆவியைப் பிடித்து வைக்க முடியாது; சோளமாவை மட்டும் வைத்துப் பன் செய்ய முடியாததும் அதனால்தான். அப்படியிருக்கப் பாக்ரி மட்டும் எப்படி உப்புகிறது? அந்த ஈரக் கைதான் காரணம். தடவிய தண்ணீரில், மேலே ஒட்டியிருந்த காய்ந்த மாவு கரைந்து கூழாகி, சூட்டில் வெந்து, இடுக்கு இல்லாத மெல்லிய தோலாகப் படிகிறது. உள்ளே இருக்கும் மாவில் ஈரம் இன்னும் போகவில்லை. தண்ணீர் ஆவியாகும்போது அதன் கன அளவு 1600 மடங்குக்கு மேல் பெருகும். வெளியேற வழி தேடும் அந்த ஆவி, வெந்து இறுகிய தோலுக்கும் இளகிய உட்பகுதிக்கும் இடையே, பிடிப்பு குறைந்த இடத்தில் சேர்ந்து தோலை முழுசாகத் தூக்கிவிடுகிறது. கோதுமை ஃபுல்காவும் இதே ஆவியால்தான் உப்புகிறது. ஆனால் அங்கே தோலைத் தாங்க குளூட்டன் இருக்கிறது. பாக்ரியில் வெந்த மாவுச்சத்து தவிர வேறு துணை இல்லை. ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தாலும் ஆவி போய்விடும், ரொட்டி தட்டையாகவே நின்றுவிடும்.

அப்படிப் பிரிந்து வரும் மெல்லிய ஏட்டுக்குப் பாப்புத்ரா என்று பெயர். மாவின் வயது, பிசைந்த நேரம், தட்டின கனம், தண்ணீர் தடவிய பக்குவம், தீயின் அளவு இத்தனையும் சரியாக இருந்தால்தான் பாப்புத்ரா முழுசாகக் கிளம்பும். புது மருமகளின் கைத்திறனை இதை வைத்தே எடைபோட்ட காலமும் உண்டு. மாவு என்றைக்கு அரைத்தது என்று யாரும் விசாரித்ததில்லை. சுடச்சுட ஏட்டைத் தூக்கி, உள்ளே துளி நெய்யோ எண்ணெயோ விட்டு, உப்பும் பூண்டுச் சட்னியும் தடவித் தின்பவர்களுக்குப் பிட்லா வரும்வரை காத்திருக்கப் பொறுமை இருக்காது.

பிட்லா செய்வது எளிது. கடுகு, பெருங்காயம், மஞ்சள், பூண்டு, பச்சை மிளகாய், வெங்காயம் தாளித்து, கரைத்த கடலைமாவை ஊற்றிக் கட்டி தட்டாமல் கிளறினால் ஆயிற்று. தமிழ்நாட்டு ஓட்டல்களில் பூரிக்கு வரும் பாம்பே சட்னி இதன் நெருங்கிய உறவு. நீர் வற்ற உதிரியாகக் கிளறினால் அது ஜுண்கா. கூடவே இடித்த பச்சை மிளகாய்-பூண்டு டேச்சாவும், முஷ்டியால் குத்தி உடைத்த வெங்காயமும். வெங்காயத்தைக் கத்தியால் வட்டமாக நறுக்கி அடுக்குவது ஓட்டல்காரர் வேலை.

பிட்லாவும் பாக்ரியும் சேர்வதில் அறிவும் இருக்கிறது. சோளப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் மிகக் குறைவு. கடலைமாவில் அது தாராளம். ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டுகிறது. சோளம் மட்டுமே கதி என்றிருந்த தக்காணத்து ஏழைகளிடையே பெல்லாக்ரா எனும் ஊட்டக்குறை நோய் கண்டது. சோளத்தில் லியூசின் மிகுதியாக இருப்பது அதற்குக் காரணமாகலாம் என்று ஊட்டச்சத்து ஆய்வாளர்கள் சி. கோபாலனும் எஸ்.ஜி. ஸ்ரீகாந்தியாவும் 1960இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். அந்த விளக்கத்தின் மேல் பின்னர் விவாதங்கள் எழுந்தன. என்றாலும், சிறுதானியம் என்றாலே அமுதம் என்று இன்று விளம்பரம் செய்கிறவர்கள் இதையும் படித்துவைப்பது நல்லது. பாக்ரிக்குப் பக்கத்தில் பருப்போ கடலைமாவோ கீரையோ இருந்தால்தான் அது சாப்பாடு.

ஆறிய பாக்ரி விறைத்துவிடும். வெந்த மாவுச்சத்து குளிரும்போது மறுபடி இறுகுவதால் வருவது இது. மறுநாள் காலை அதை நொறுக்கிப் பாலிலோ மோரிலோ ஊறவைத்தால் காலா. தாளித்துக் கிளறினால் இன்னொரு பலகாரம். சோலாப்பூர்ப் பக்கம் அப்பளம்போல் மொறுமொறுப்பாகக் காயவிட்ட கடக் பாக்ரி பல நாள் கெடாது.

இவ்வளவு இருந்தும் சோளம் பின்வாங்கிக்கொண்டே வந்திருக்கிறது. 1960களில் இந்தியாவில் சுமார் 1.8 கோடி ஹெக்டேரில் சோளம் பயிரானது. இப்போது சுமார் 40 லட்சம். பாசனம் வந்த நிலத்தைக் கரும்பு எடுத்துக்கொண்டது. ரேஷன் கடை கோதுமையையும் அரிசியையும் மலிவாக்கியது. 1972 பெரும் வறட்சியில் ரேஷனில் வந்த மிலோ எனும் அமெரிக்கச் செஞ்சோளத்தின் கசப்பான நினைவும் ஒரு தலைமுறைக்கு உண்டு. மகாராஷ்டிராவில் 1995இல் பதவிக்கு வந்த சிவசேனா-பாஜக அரசு 1 ரூபாய்க்கு ஜுண்கா-பாகர், அதாவது ஜுண்காவும் பாக்ரியும், விற்கும் திட்டத்தைத் தொடங்கியது. சில ஆண்டுகளில் அது நின்றுபோனது, பல கடைகள் வேறு தின்பண்டக் கடைகளாயின. மாநில அரசு 2020 ஜனவரி 26 அன்று தொடங்கிய 10 ரூபாய் சிவ்போஜன் தட்டில் பாக்ரி இல்லை, இரண்டு சப்பாத்தி. 2013இன் உணவுப் பாதுகாப்புச் சட்டம் கிலோ 1 ரூபாய்க்குச் சிறுதானியம் தரலாம் என்றது; கடைக்கு வந்தது பெரும்பாலும் கோதுமையும் அரிசியும்தான். பிறகு இந்தியாவின் முன்மொழிவின் பேரில் ஐ.நா. 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. விழாக்கள் நடந்தன, சோளத்தில் பிஸ்கட்டும் பாஸ்தாவும் வந்தன. தினம் பாக்ரி தட்டும் வீடுகளுக்கு ரேஷனில் நல்ல ரபி சோளம் கிடைத்திருந்தால் அதுவே பெரிய விழாவாக இருந்திருக்கும்.

புனேயில் பாக்ரி பிழைத்திருப்பது வேறு வழிகளில். சுமை தூக்குவோர் சங்கமான ஹமால் பஞ்சாயத்து, அதன் நிறுவனர் பாபா ஆடாவின் முயற்சியில் தொடங்கி நடத்திவரும் மலிவு உணவகங்களுக்குப் பெயரே கஷ்டாசி பாகர், உழைப்பின் ரொட்டி. ஆஷாட ஏகாதசிக்காக ஆளந்தியிலிருந்தும் தேஹுவிலிருந்தும் பண்டரிபுரம் போகும் பல்லக்குகள் நகரத்தில் தங்கும்போது, யாத்திரிகர்களுக்குப் பல வீடுகளில் பிட்லா-பாக்ரி குவியும். வேலைக்குப் போகும் குடும்பங்களுக்குத் தெருமுனைப் போளி-பாஜி (சப்பாத்தி-காய்) கடைகள் சுட்ட பாக்ரியை எண்ணிக்கைக்கு விற்கின்றன. தட்டுகிறவர்கள் அநேகமாகப் பெண்கள். வீட்டில் பழக நினைப்பவர்கள் தமிழ்நாட்டில் கிடைக்கும் வெள்ளைச் சோளத்தையே ஒரு கிலோ வாங்கி, மில்லில் நைசாக அரைத்து, முதல் சில நாட்கள் வெந்நீரில் பிசைந்து பார்க்கலாம். அரைத்து ஒரு வாரம் தாண்டிய மாவைப் பாக்ரிக்கு எடுக்க வேண்டாம். அதைக் கஞ்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.